பேர் சொல்லாம முடிஞ்ச பாட்டு

அந்த ரெக்கார்டு அட்டையை நீங்க பாத்திருப்பீங்க. வெள்ளிக் கலர்ல பளபளன்னு பேண்டு போட்டுக்கினு, தலைமுடியை விரிச்சி வுட்டுக்கினு, ஒரு பொண்ணு ஒத்தைக் காலைத் தூக்கி நிப்பா. மேல 'மிதி மிதி'ன்னு பெரிசா எழுதியிருக்கும். கீழ 'மிஸ் ரீட்டாவின் முதல் தனி டிஸ்கோ பாட்டு'ன்னு போட்டிருக்கும். அந்தப் பொண்ணு நானில்ல. குரலு என்னுது. பாட்டைக் கட்டினது நானு. நடுவுல தொம் தொம்முன்னு கேக்குதே ஒரு மிதி, அது கூட என் காலு மிதிச்சது. அட்டையை முன்னயும் பின்னயும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். என் பேரு எங்கயும் இல்ல.

என் பேரு சின்னக்குழந்தை. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சிருங்க. நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும். ஜவ்வாது மலைல நெல்லிப்பட்டு எங்க ஊரு. எங்க பக்கம் ஊருக்கு நாலு சின்னக்குழந்தை இருப்பாளுங்க. ஒருத்தியும் அந்தப் பேரைச் சொல்ல வெக்கப்பட்டது கெடையாது.

புளி விக்கிறதுக்கு மலையடிவாரத்துச் சந்தவாசலுக்கு எறங்கி வந்த எடத்துலதான் பாண்டுரங்கன் அண்ணன் பழக்கம். மைக் செட்டு வச்சிருந்தாரு, கூடவே ஒரு இன்னிசைக் குழுவும் நடத்துனாரு. கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னு எங்க கூப்பிட்டாலும் வேனை எடுத்துக்கினு போய்ருவாரு. புளிமூட்டை மேல உக்காந்து நான் பாடிக்கினு இருந்தத கேட்டுட்டு, "வர்றியாம்மா குழுவுக்கு?"ன்னு கேட்டாரு. போனேன். நாலு வருஷம் பாடினேன். நாலு வருஷமும் பின்னாடி நின்னு 'ஆ ஆ' பாடினேன், இல்லன்னா யாரோ ஒரு ஆம்பளைக்குப் பதில் வரி பாடினேன். தனியா ஒரு பாட்டு பாடுன்னு ஒருத்தரும் சொல்லல. எங்க வூட்டுக்காரர் ரங்கன்தான் ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சதும் கேப்பாரு, "இன்னா, இன்னிக்காவது தனியாப் பாட வுட்டாங்களா?"ன்னு.

கலசப்பாக்கத்துல ஒரு திருவிழா. முன்னாடி பாடுறவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சி. ஜனம் கத்துது. பாண்டு அண்ணன் கையைப் பிசையறாரு. நான் மைக்கை எடுத்து, நானே கட்டி வச்சிருந்த பாட்டை எடுத்து வுட்டேன். எங்க மலைல சாமைக் கதிரைக் களத்துல பரப்பி, சுத்தி நின்னு காலாலயே மிதிச்சி மணியை உதிர்ப்போம். அந்த மிதிக்குக் கட்டின பாட்டு.

மிதிச்சா உதிருது சாமை – நீ
மிதி மிதி மிதி மிதி மாமா
குனிஞ்சா வலிக்குது இடுப்பு – கால்
நிமிந்து மிதி மிதி மாமா

டிரம்ஸ்காரப் பையனுக்கு டிஸ்கோ பைத்தியம். என் மிதிக்கு அவன் டிஸ்கோ அடியைப் போட்டான் பாருங்க, திடல்ல ஒருத்தன் உக்காரல. அந்தக் கூட்டத்துல மெட்ராஸ்லேர்ந்து வந்த ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருத்தர் இருந்தாரு. ஆதிநாராயணன்னு பேரு. மறுவாரமே என்னை மெட்ராசுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாரு.

இங்க எங்க வழக்கம் ஒண்ணு சொல்லணும், இல்லன்னா மிச்சம் புரியாது. எங்க மலைல வட்டம் கட்டி ஆடுறப்ப, பாட்டைக் கட்டினவ கடைசி அடியில தன் ஊரும் பேரும் சொல்லணும். சொன்னாத்தான் பாட்டு முடிஞ்சிதுன்னு அர்த்தம். அது வரைக்கும் வட்டத்தை வுட்டு ஒருத்தரும் வெளிய வரக் கூடாது, காலை நிறுத்தக் கூடாது. பேரு சொல்லாம ஒருத்தி பாட்டை முடிச்சா, அது அவ பாட்டில்ல, எங்கியோ திருடினதுன்னு ஊரு முடிவு பண்ணிடும். சாமி மேல சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க. என் பாட்டுக்கும் கடைசி அடி உண்டு.

மலைமேல நெல்லிப்பட்டு – இதச்
சொன்னவ சின்னக்குழந்தை

மெட்ராஸ்ல ஒரு கண்ணாடி ரூமுல என்னை நிக்க வச்சாங்க. நின்ன எடத்துல அசையாமப் பாடுன்னாங்க. அசையாம எப்பிடி பாடுறது? காலு மிதிக்காம எனக்கு வாயில வார்த்தை வராது. நாலு தரம் பாடி நாலும் குப்பைக்குப் போச்சி. அப்பால ஒரு மரப்பலகை கொண்டாந்து போட்டு, "மிதிச்சிக்கினே பாடும்மா, அதையும் புடிச்சிக்கலாம்"ன்னாங்க. மிதிச்சேன். அடுத்த ரூமுல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. கடைசி அடியை நல்லா இழுத்து, ஊரு பேரு ரெண்டையும் நிறுத்தி நிதானமாப் பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு என்ஜினீயர் ஒரு பித்தானைக் கீழ நவுத்திக்கினு இருந்தாரு. ஏதோ மிஷினு வேலைன்னு நெனைச்சேன். நல்லாருந்துதான்னு கேட்டேன். பிரமாதம்மான்னு கட்டை வெரலைக் காட்டினாரு. பாவி.

ரெக்கார்டு வந்த அன்னிக்கு நெல்லிப்பட்டே சந்தவாசல்ல பாண்டு அண்ணன் மைக் செட்டுக் கடையில எறங்கிச்சி. எங்க மாமியார் செல்லியம்மாள் முன்னாடி உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு நான் பாடப் போறது அறவே புடிக்காது. 'ஊரு சுத்தறவ'ன்னு என்னைத் திட்டாத நாளில்ல. அப்பிடியிருந்தும் புதுச் சேலை கட்டிக்கினு வந்திருந்தாங்க. பாண்டு அண்ணன் அட்டையை மட்டும் கமுக்கமாத் துண்டுக்கு அடியில வச்சிக்கினு, ரெக்கார்டுத் தட்டைச் சுத்த வுட்டாரு.

பாட்டு வந்துது. ஜனம் சிரிக்குது, தலையாட்டுது. எங்க வூட்டுக்காரர் என் கையைப் புடிச்சிக்கினாரு. கடைசி அடி வந்துது. 'மலைமேல'ன்னு என் குரலு கேட்டுது. 'நெல்லி'ன்னு எடுக்கறப்ப ரவ ரவையா எறங்கிக்கினே போச்சி. அப்பால ஒண்ணுமில்ல. ஊசி மட்டும் கரகரன்னு சுத்துது.

"இன்னா அண்ணே, செட்டு ரிப்பேரா?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா. டிஸ்கோ பாட்டு எல்லாம் இப்பிடித்தான் முடியும். சத்தத்தைக் கொறைச்சிக்கினே போய் முடிச்சிருவாங்க. அது ஸ்டைலு"ன்னாரு பாண்டு அண்ணன். எம் மூஞ்சியைப் பாக்கல. அவரு துண்டைப் புடுங்கினேன். அட்டை கீழ விழுந்துது. அப்பதான் மிஸ் ரீட்டாவை நான் மொத மொத பாத்தது.

எங்க மாமியாருக்குப் படிக்கத் தெரியாது, அட்டையை அவங்க கண்டுக்கவே இல்ல. அவங்க காதுல வுழுந்தது ஒண்ணுதான். எழுந்திரிச்சி, சேலையை உதறினாங்க. "பேரைச் சொல்லாம முழுங்கிட்டா பாத்தியா. எவ பாட்டையோ திருடி வந்து மெட்ராஸ்ல பாடியிருக்கறா. எம் புள்ள தலையில வந்து வுழுந்துது பாரு திருட்டு முண்டை"ன்னு சொல்லிட்டு வெளிய போய்ட்டாங்க. கூட வந்தவங்களும் ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்க. மிஷினு, பித்தானு, ஸ்டைலுன்னு நான் எத்தைச் சொல்லி யாருக்குப் புரிய வைக்கிறது? அன்னிலேர்ந்து ஊருல வட்டம் கட்டினா என்னைக் கூப்பிடல. களத்துல நான் வாயைத் தொறந்தா, "ஏய், சொந்தமாக் கட்டத் தெரிஞ்சா பாடு"ன்னு எங்க நாத்தனா சிரிப்பா.

ரங்கனைக் கூட்டிக்கினு மெட்ராசுக்குப் போனேன். ஆதிநாராயணன் சார் காப்பி வரவழைச்சிக் குடுத்தாரு. அத்த நான் தொடல.

"எம் பேரு எங்க சார்?"

"இங்க பாரும்மா. டிஸ்கோன்னா ரீட்டா, மோனான்னு இருக்கணும். சின்னக்குழந்தைன்னு போட்டா தாலாட்டுப் பாட்டுன்னு நெனைச்சி கடைக்காரன் ஓரமா வச்சிருவான். குரல் உன்னுது. ஊரெல்லாம் அதைத்தானே கேக்குது. அது போதாதா?"

"போதாதுங்க. எங்க ஊருல என்னைத் திருடின்றாங்க."

அவரு சிரிச்சாரு. "உங்க ஊருல எத்தனை ரெக்கார்டு பிளேயர் இருக்குது?"ன்னாரு. ரங்கன் எழுந்து நின்னுட்டாரு. நான்தான் உக்கார வச்சேன். உக்கார வச்சது எதுக்குன்னு கேளுங்க. அடுத்ததா அவரு சொன்னத நம்பறதுக்குத்தான். இன்னொரு ரெக்கார்டு போடுவாராம். அதுல என் போட்டோ, என் பேரு, எல்லாம் என் இஷ்டமாம். அது வரைக்கும் ரீட்டா குரலு என்னுதுன்னு நான் யாருகிட்டயும் மூச்சு வுடக் கூடாதாம். பேப்பரை நீட்டினாரு. போட்டேன் கையெழுத்து. என் பேரைத் திருடினவன்கிட்டயே என் பேரை எழுதிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.

எம்பத்தி நாலாம் வருஷம் ஆடி மாசம், மூணாவது வெள்ளிக்கிழமை. சந்தவாசல்ல கூழ் ஊத்தறாங்க. ரீட்டாவையே நேர்ல கூட்டிக்கினு வர்றதுன்னு பாண்டு அண்ணனும் ஆதிநாராயணன் சாரும் பேசி முடிச்சிட்டாங்க. மத்தியானம் மூணு மணிக்கு நிகழ்ச்சி. மலைக்காரங்க அஞ்சு மணி பஸ்சைப் புடிக்கணும், அதை வுட்டா மறுநாள் காலைலதான் பஸ்சு.

ரெக்கார்டைப் போட்டுட்டு ரீட்டா வாயசைச்சி ஆடணும். ஊசி குதிச்சாலோ தட்டு சிக்கினாலோ ஜனத்துக்குத் தெரியாம எடுத்துப் பாட, படுதாவுக்குப் பின்னாடி ஒரு மைக்கைக் குடுத்து என்னை உக்கார வச்சாங்க. சொந்தப் பாட்டுக்கே நான் ஸ்டெப்னி.

ரீட்டா வந்தா. அட்டையில இருந்த அதே வெள்ளிப் பேண்டு. கிட்டத்துல பாத்தா சின்னப் பொண்ணு, இருபது கூட இருக்காது. ஆரணிப் பக்கமாம், நெஜப் பேரு நீலாவதியாம். "அக்கா, உங்க குரலுக்கு ஆடுறது ரொம்பக் கஷ்டம்கா, மூச்சு வாங்குது"ன்னு சொல்லிட்டு என் சொம்புலேர்ந்து தண்ணி வாங்கிக் குடிச்சா. இவளை எப்பிடித் திட்டறது?

படுதாவுல ஒரு கிழிசல். அது வழியா பாத்தா திடல் முழுக்கத் தெரிஞ்சிது. நாலரை மணிவாக்குல 'மிதி மிதி' ஆரம்பிச்சதும் மலைக்காரங்க எல்லாம் தானா வட்டம் கட்டிட்டாங்க. எரநூறு பேரு இருப்பாங்க. திருடின பாட்டுன்னாலும் மிதி அவங்க மிதியாச்சே, காலு சும்மா இருக்குமா? எங்க மாமியாரும் வட்டத்துல நின்னாங்க. வலது முட்டி வீங்கி ஒரு மாசமா நொண்டிக்கினு இருந்தவங்க.

பாட்டு கடைசி அடிக்கு வந்துது. 'மலைமேல'ன்னு கேட்டு, சத்தம் எறங்கி, நின்னு போச்சி. ரீட்டா கையைத் தூக்கிக் கும்புட்டா. சந்தவாசல் ஜனம் கை தட்டிச்சி. வட்டம் நிக்கல.

எரநூறு பேரும் மிதிச்சிக்கினே இருக்காங்க. பாட்டில்ல, மோளமில்ல, வெறும் காலு சத்தம். பாண்டு அண்ணன் அடுத்த ரெக்கார்டைப் போட்டாரு. அது வேற தாளம். வட்டம் அதைக் காதுலயே வாங்கல. பழைய மிதியையே மிதிக்குது. கீழூர்க்காரங்க மொதல்ல சிரிச்சாங்க. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் ஆச்சி, சிரிப்பு நின்னு போச்சி. "இன்னாய்யா இவங்களுக்கு?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அரை மணி நேரம் ஆச்சி. புழுதி எழும்புது. இடுப்புல புள்ளையோட ரெண்டு மூணு பேரு ஆடுறாங்க. பஸ்சுக்காரன் ஆரன் அடிக்கிறான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

பேருக்காகத்தான் மிதிச்சிக்கினு காத்திருக்காங்க. ரெக்கார்டுல பேரு கெடைக்கல, பாட்டு முடியல. ஆனா இன்னிக்கு மேடை மேல பாட்டுக்காரின்னு ஒருத்தி உசிரோட நிக்கிறா. அவ சொல்லித்தானே ஆகணும்?

ரீட்டா ஓடி வந்தா. "அக்கா, இன்னா வேணும் அவங்களுக்கு? பயமா இருக்குது."

"பாட்டுக் கட்டினவ பேரு வேணும். சொன்னா நிப்பாங்க."

அவ மேடைக்குப் போய் மைக்குல, "என் பேரு ரீட்டா, எல்லாருக்கும் வணக்கம்"னா. வட்டம் நிக்கல. குரலு வேற, ஆளு வேறன்னு காது உள்ளவனுக்குத் தெரியாதா? எங்க மாமியார் ஒரு காலை இழுத்து இழுத்து மிதிக்கிறாங்க. பல்லைக் கடிச்சிக்கினு இருக்காங்க. பக்கத்துல இருந்தவங்க வெளிய வான்னு கையைப் புடிச்சா உதறி வுடறாங்க.

ஆதிநாராயணன் சார் எனக்குப் பக்கத்துல வந்து குனிஞ்சாரு. "சும்மா இரு. அவங்களாவே களைச்சிப் போய் நிறுத்திருவாங்க. அடுத்த மாசம் உன் ரெக்கார்டு, ஞாபகம் வச்சிக்கோ"ன்னாரு. கையில மடிச்ச பேப்பரு. நான் போட்ட கையெழுத்து அதுல இருக்குது.

"நிறுத்த மாட்டாங்க சார். எங்க ஜனத்தை உங்களுக்குத் தெரியாது."

"எக்கேடோ கெடட்டும். வாயைத் தொறந்தே, உனக்கு இந்த ஜென்மத்துல ரெக்கார்டு கெடையாது."

மெய்யாலுமே சொல்றேன், ரவ நேரம் நான் யோசிச்சேன். நாலு வருஷம் 'ஆ ஆ' பாடினவ. என் மூஞ்சி போட்ட ஒரு அட்டை. அதுல என் பேரு. ஆசை இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். கிழிசல் வழியா பாத்தேன். எங்க மாமியார் கீழ வுழுந்து, கையை ஊனி எழுந்து, மறுபடி மிதிச்சாங்க. திருடின்னு சொன்ன பொம்பளை, என் பாட்டு முடியாம வெளிய வர மாட்டேன்றா. என் பாட்டுக்கு மரியாதை குடுக்கறது அவங்களா, இந்தக் காப்பி வாங்கிக் குடுத்த மனுஷனா?

"அக்கா, சொல்லித் தொலைங்கக்கா. அந்தம்மா செத்துருவாங்க"ன்னு நீலாவதி என் கையில இருந்த மைக்கோட பித்தானை அவளே தட்டி வுட்டா. நான் படுதாவை ஒதுக்கிக்கினு மேடைக்கு வந்தேன். பழைய நூல் சேலை, வெறுங்காலு. மிதியைக் காலுல வாங்கிக்கினு கடைசி அடியை எடுத்தேன். ஒரு பித்தானுக்கும் அடங்காத மாதிரி எடுத்தேன்.

மலைமேல நெல்லிப்பட்டு – இதச்
சொன்னவ சின்னக்குழந்தை

நானூறு காலும் ஒண்ணா நின்னுது. எங்க மாமியார் அப்பிடியே புழுதியில உக்காந்தாங்க. மூச்சு வாங்கி முடிச்சிட்டு, மேடையைப் பாத்து, "ஏண்டி, இத்தினி நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"ன்னாங்க. சொல்லிட்டு முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சாங்க. வேர்வையா, அழுகையா, தெரியல. நான் அழுதுட்டேன்.

ஆதிநாராயணன் சார் பேப்பரை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டினாரு. "முடிஞ்சிது உன் கதை"ன்னாரு. "உங்க ஸ்டைலு பாட்டுதான் சார் முடியாது. எங்க பாட்டு பேரோட முடிஞ்சிரும்"ன்னேன். பாண்டு அண்ணன் தலை குனிஞ்சிக்கினு வயரைச் சுருட்டிக்கினு இருந்தாரு. அவருகிட்ட ஒரு வார்த்தையும் நான் பேசல, இன்னி வரைக்கும் பேசல.

பஸ்சு ஆறு மணி வரைக்கும் நின்னுது. டிரைவரும் மலைக்காரன்தான், ஆரன் அடிச்சிப் பாத்துட்டு அவனே எறங்கி வந்து வட்டத்துல நின்னுருக்கறான். பஸ்சுல எங்க மாமியார் வீங்கின காலைத் தூக்கி என் மடியில வச்சாங்க. "அமுக்கு. எல்லாம் உன்னாலதான்"ன்னாங்க. கோயிலூர் வளைவு வரைக்கும் அமுக்கிக்கினே வந்தேன்.

இன்னொரு ரெக்கார்டு வரவே இல்ல. அட்டையை அவங்க மாத்தவும் இல்ல. இன்னமும் மிஸ் ரீட்டான்னுதான் விக்கிறாங்க, அதை நெனைச்சா இப்பவும் எனக்கு ரத்தம் கொதிக்குது. சமாதானமாய்ட்டேன்னு யாரும் நெனைக்க வேணாம்.

தை மாசம் கலசப்பாக்கத்துல ஒரு கல்யாணம். ரங்கனுக்குத் தெரிஞ்ச நெல்லுக்காரர் வூட்டுது. மலைக்காரங்கன்னு பாத்தா நாங்க ரெண்டே பேருதான். பந்தியில உக்காந்து சாப்புடறோம், வெளிய ஸ்பீக்கர்ல மிதி மிதி ஓடுது. எப்பவோ திருவிழாவுல பாடின என் மூஞ்சி அங்க ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. பாட்டு கடைசிக்கு வந்துது. 'மலைமேல'ன்னு சொல்லிட்டு சத்தம் எறங்கிச்சி. நான் எலையைப் பாத்துக்கினு பல்லைக் கடிச்சேன்.

சாம்பார் வாளியோட நின்னவன், எதிர்ப்பந்தியில இருந்த பொம்பளைங்க, வாசல்ல சந்தனம் குடுத்துக்கினு இருந்த பசங்க, எல்லாரும் அவங்கவங்க வேலையை நிறுத்தாமலே ஒண்ணாச் சேந்து பாடினாங்க, 'நெல்லிப்பட்டு, இதச் சொன்னவ சின்னக்குழந்தை'ன்னு. சந்தவாசல்ல நான் சொன்ன அடி வாய்க்கு வாய் பரவி இங்க வரைக்கும் வந்திருக்குது. பாடி முடிச்சிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி சோத்தைப் பெசைஞ்சிக்கினு, சாம்பார் ஊத்திக்கினு இருந்தாங்க.

பந்தி நடுவுல எழுந்திரிக்கக் கூடாது, தெரியும். எச்சில் கையோட எழுந்து நின்னுட்டேன்.